மர்மர் என்னும் ஆங்கிலச் சொல்: பொருளும் பயன்பாடும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மர்மர் என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் என்ன?

தாழ்ந்த ஒலியாய், விட்டுவிடாமல் தொடர்ந்து, இன்னதென்று பிரித்தறிய முடியாதபடி கேட்கும் ஓசையை ஆங்கிலத்தில் மர்மர் என்பார்கள். அந்த ஓசை மனிதக் குரலாக இருக்கலாம். ஓடை நீராகவோ, தேனீக் கூட்டமாகவோ, மூடிய கதவுக்கு அப்பாலிருந்து வரும் பேச்சாகவோ இருக்கலாம். பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் ஒரே வடிவில் இது வழங்குகிறது.

தாழ்வு, தொடர்ச்சி, தெளிவின்மை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால்தான் இச்சொல் பொருந்தும். குழாயிலிருந்து சொட்டும் நீர் எவ்வளவு மெல்ல ஒலித்தாலும் அது விட்டுவிட்டு ஒலிப்பதால் மர்மர் ஆகாது. ஆனால் கதையில் ஒரு பாத்திரம் எதையோ மர்மர் செய்ததாக எழுதி, அது சொன்ன சொற்களையும் மேற்கோள் குறிக்குள் கொடுத்திருந்தால், அருகில் இருந்தவருக்கு அச்சொற்கள் கேட்டன என்றும், எட்ட இருந்தவருக்கு வெறும் ஒலியாகவே எட்டியிருக்கும் என்றும் கொள்ள வேண்டும்.

இதை எப்படி உச்சரிப்பது? எழுத்துக்கூட்டலில் எங்கே தவறு நேர்கிறது?

முதல் அசையில்தான் அழுத்தம் விழும். அதில் வரும் நெட்டுயிர், பறவையைக் குறிக்கும் பேர்ட், சிறுமியைக் குறிக்கும் கேர்ள் ஆகிய சொற்களில் வருவதே. அதற்கு நேரான எழுத்து தமிழில் இல்லை. இரண்டாம் அசை குறுகி, மங்கி ஒலிக்கும். பிரிட்டனின் பொது வழக்கில் இரண்டு ஆர் எழுத்துகளும் ஒலிப்பதில்லை. அமெரிக்கர் இரண்டையும் ஒலிப்பார்கள். தமிழில் மர்மர் என்று எழுதுவது நிலைத்துவிட்ட வழக்கு என்பதால் இங்கும் அதையே கையாள்கிறோம்.

எழுத்துக்கூட்டலில் எம், யூ, ஆர் என்ற மூன்றும் அப்படியே இருமுறை வரும். பின்பாதியில் யூவுக்குப் பதிலாக ஈ எழுதுவதுதான் பலரும் செய்யும் பிழை. இறந்தகால வடிவத்தில் கடைசி ஆர் இரட்டிப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நிகழ்தலைக் குறிக்கும் அக்கர் என்ற வினையில் அழுத்தம் இறுதி அசையில் விழுவதால் ஆர் இரட்டிக்கிறது. மர்மரில் அழுத்தம் முதல் அசையில் இருப்பதால் இரட்டிக்க இடமில்லை.

இச்சொல் எங்கிருந்து வந்தது?

இலத்தீனில் மர்மரின் மூல வடிவமான முர்முர் என்பது ஓசையைப் போலச் செய்து பிறந்த சொல். அங்கே அது மெல்லொலிக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கடலின் இரைச்சலையும் இடியின் உறுமலையும்கூட இலத்தீன் எழுத்தாளர்கள் அதனால் குறித்தார்கள். பழைய பிரெஞ்சின் வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது முதலில் ஏற்ற பொருள், மனக்குறையைத் தாழ்ந்த குரலில் வெளிப்படுத்துவது என்பதே. ஓடைக்கும் இலைக்கும் வண்டுக்கும் உரிய இனிய ஓசை என்ற பொருள் அதன் பக்கத்திலேயே வளர்ந்தது.

கிரேக்கத்தில் நீர் கொந்தளித்து ஒலிப்பதைக் குறிக்கும் மொர்முரெயின் என்ற வினையும், வடமொழியில் மர்மர என்ற சொல்லும் இதற்கு நெருங்கியவை. வடமொழி நிகண்டான அமரகோசம், துணியும் இலையும் எழுப்பும் ஓசையே மர்மரம் என்று வரையறுத்து, அணிகலன்களின் ஒலிக்கு வேறு பெயர் தருகிறது. ஓசையை எழுப்பும் பொருளுக்கு ஏற்பப் பெயரை மாற்றும் இந்த முறை தமிழருக்கு நன்கு பழகியது. மொழிபெயர்ப்பு பற்றிய கேள்விக்கு வரும்போது இதுவே நமக்குக் கைகொடுக்கும்.

மர்மம் என்ற சொல்லுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. மர்மம் என்பது உயிர்நிலையைக் குறிக்கும் மர்மன் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒன்றுபடுவது தற்செயல்.

விஸ்பர் என்பதும் மர்மர் என்பதும் ஒன்றா?

ஒன்றல்ல. இதைப் படிப்பதைவிடச் செய்து பார்த்தால் எளிதில் விளங்கும். இரண்டு விரல்களைக் குரல்வளையின்மீது மெல்ல வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி காதோடு காதாக ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். விரலில் அதிர்வு எதுவும் தட்டுப்படாது. குரல்நாண்கள் அதிராமல் வெறும் காற்றே சொல்லாக வெளிவருகிறது. அதுதான் விஸ்பர். அதே வாக்கியத்தை உதடுகளை அதிகம் அசைக்காமல், தணிந்த குரலில், உங்களுக்கு நீங்களே சொல்வதுபோல் சொன்னால் விரலில் மெல்லிய அதிர்வு தெரியும். இது மர்மர். ஆகவே விஸ்பரில் குரல் இல்லை. மர்மரில் குரல் உண்டு, தெளிவுதான் குறைவு.

நோக்கத்திலும் வேறுபாடு உண்டு. விஸ்பர் செய்பவர் பிறர் கேட்டுவிடக் கூடாது என்று கருதுகிறார். மர்மர் செய்பவருக்கு அந்த மறைப்பு எண்ணம் இருக்க வேண்டியதில்லை. களைப்பு, கூச்சம், கனிவு, தூக்கக் கலக்கம் என எதுவும் அவர் குரலைத் தாழ்த்தியிருக்கலாம்.

மம்பிள், மட்டர் ஆகியவற்றிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

மம்பிள் என்பது வாயைச் சரியாகத் திறக்காமல் குழறிப் பேசுவது. அதில் கேட்பவரின் குறைகூறல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மட்டர் என்பது எரிச்சலோடு வாய்க்குள் பேசிக்கொள்வது. மர்மருக்கு இப்படிப்பட்ட உறுதியான நிறம் எதுவும் கிடையாது. காதலும் மர்மர் செய்யும், வெறுப்பும் மர்மர் செய்யும். பக்கத்தில் நிற்கும் சொற்களே அதற்கு நிறம் தருகின்றன என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் இச்சொல்லைப் பற்றிய குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

வாக்கியத்தில் இதை எப்படி அமைப்பது?

வினையாக வரும்போது, சொன்ன செய்தியை நேரடியாகவோ, தட் என்ற இணைப்போடோ அதன் பின்னால் வைக்கலாம். யாரிடம் சொல்லப்பட்டது என்பதற்கு டு என்ற முன்னிடைச்சொல் வேண்டும். அதை விட்டுவிட்டு ஆளை நேரடியாகச் செயப்படுபொருளாக்குவது பிழை. யாரையேனும் அல்லது எதையேனும் எதிர்த்துக் குறைப்பட்டால் அகெய்ன்ஸ்ட் சேரும்; எதைப் பற்றிய குறை என்பதற்கு அபவுட் சேரும்.

பெயராக வரும்போது ஆஃப் என்பதோடு சேர்ந்து நிற்பதே பெரும்பான்மை. எ மர்மர் ஆஃப் அப்ரூவல் என்றால் கூட்டத்தில் எழுந்த ஆமோதிப்பு ஒலி. எ மர்மர் ஆஃப் புரொட்டெஸ்ட் என்றால் மெல்லிய எதிர்ப்புக் குரல். பன்மையில் மர்மர்ஸ் என்று செய்தித்தாள் எழுதினால், பெரும்பாலும் ஒரு கட்சிக்குள்ளோ நிறுவனத்துக்குள்ளோ இன்னும் வெளிப்படையாக வெடிக்காத அதிருப்தியையும் ஊகப் பேச்சையும் அது குறிக்கிறது.

வித்அவுட் எ மர்மர் என்ற தொடரைச் சிலர் ஓசையில்லாமல் என்று பெயர்த்துவிடுகிறார்கள். அது சரியன்று. மறுபேச்சில்லாமல், முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வதே அதன் பொருள். அபராதத்தை மறுபேச்சில்லாமல் கட்டினார் என்று தமிழில் சொல்லும் இடம் அது.

குறைகூறுதல் என்ற பொருள் இன்றும் வழக்கில் உள்ளதா?

உள்ளது, ஆனால் பேச்சில் அருகிவிட்டது. அப்பொருளின் பழைய வலிமையை அறிய விவிலிய ஆங்கிலத்தைப் பார்க்க வேண்டும். எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேல் மக்கள் பாலைவனத்தில் நடந்து மாராவை அடைந்தபோது, அங்கிருந்த தண்ணீர் கசந்ததால் மோசேக்கு எதிராகக் குரல் எழுப்பினார்கள் என்கிறது யாத்திராகமம். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியம் அந்த இடத்தில் மர்மர் என்ற வினையையே ஆள்கிறது. தமிழ் விவிலியம் அங்கே முறுமுறுத்தல் என்கிறது. இன்றைய ஆங்கிலப் பதிப்புகள் சிலவற்றில் அதே இடத்தில் கிரம்பிள் என்ற வினை வந்துவிட்டது. மர்மர் என்றால் இனிய மெல்லொலி என்றே இக்கால வாசகர் முதலில் எண்ணுவார் என்பதால் மாற்றம் தேவைப்பட்டிருக்கும் என்று கருதலாம்.

முறுமுறுத்தல் என்ற தேர்வு மிகப் பொருத்தமானது என்பது என் எண்ணம். ஆங்கில வினை விட்ட இடைவெளியைத் தமிழ்ச் சொல்லின் வல்லின றகரம் நிரப்பிவிடுகிறது; அதில் மனக்கசப்பைத் தவிர வேறு எதையும் வாசகர் கேட்க முடியாது.

முணுமுணுத்தல் என்று எழுதினால் போதாதா?

அகராதிகள் மர்மருக்கு முதலில் தருவது அச்சொல்லைத்தான். பல இடங்களில் அது சரியாகவும் இருக்கும். ஆயினும் ஆங்கிலக் கதையை மொழிபெயர்ப்பவர் மர்மர் வந்த இடத்திலெல்லாம் முணுமுணுத்தான், முணுமுணுத்தாள் என்று எழுதிச் சென்றால் கதையின் மனநிலையே மாறிவிடும்.

தமிழில் முணுமுணுத்தலுக்கு மூன்று நிலைகள் உண்டு. பாட்டை முணுமுணுத்தாள் என்றால் அதில் மகிழ்ச்சி இருக்கிறது. மந்திரத்தை முணுமுணுத்தார் என்றால் பக்தியோ பழக்கமோ இருக்கிறது. எதை என்று சொல்லாமல் வெறுமனே முணுமுணுத்தான் என்று நிறுத்தினால், மனத்துக்குப் பிடிக்காமல் ஏதோ சொன்னான் என்றே தமிழ் வாசகர் கொள்வார். சிக்கல் இந்த மூன்றாம் நிலையில்தான் எழுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. காய்ச்சலில் கிடக்கும் பேரனின் நெற்றியில் கைவைத்தபடி பாட்டி ஒருத்தி, தூங்கு கண்ணா என்று சொல்கிறாள். ஆங்கில மூலத்தில் வினை மர்மர். இதை, "தூங்கு கண்ணா" என்று பாட்டி முணுமுணுத்தாள் என்று பெயர்த்தால், பேரன் தூங்காததில் அவளுக்குச் சலிப்பு என்ற பொருள் உள்ளே நுழைந்துவிடும். மெல்லச் சொன்னாள், தணிந்த குரலில் சொன்னாள், தலையைக் கோதியபடி சொன்னாள் என்பவற்றில் ஒன்றைத் தேர்வதே நல்லது. அதே மூலத்தில் மேலதிகாரி கொடுத்த கூடுதல் கோப்பை வாங்கிக்கொண்டு திரும்பும் எழுத்தர் மர்மர் செய்தால், முணுமுணுத்தார் என்பது அப்படியே பொருந்தும். ஈழத் தமிழில் அந்த எழுத்தர் புறுபுறுப்பார். காதலி காதலனின் தோளில் சாய்ந்து சொல்வதும் ஆங்கிலத்தில் மர்மர்தான். அங்கே கிசுகிசுத்தாள் என்பது ஓரளவு பொருந்தும், ஆனால் இதழ்களின் வம்புச் செய்திகளால் அச்சொல்லுக்கு இன்று வேறு வாடை ஏறியிருப்பதால் காதருகே சொன்னாள் என்பதையே நான் விரும்புவேன்.

வலியால் எழும் ஒலிக்கு முனகல் இருக்கிறது. அதை மர்மருக்குப் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும்.

இயற்கை ஒலிகளுக்கும் கூட்டத்தின் ஒலிக்கும் எந்தத் தமிழ்ச் சொற்களைத் தேர்வது?

ஓசை எதிலிருந்து எழுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்வதே வழி. ஆங்கிலம் ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் நீட்டுகிறது. தமிழ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சொல் வைத்திருக்கிறது. ஓடைக்கும் இலைக்கும் சலசலப்பு. வண்டுக்கு ரீங்காரம், பழைய தமிழில் முரல்தல், இமிர்தல் என்ற அழகிய வினைகள் உண்டு. தொலைவில் கேட்கும் கடலுக்கு இரைச்சல் என்ற சொல்லை மெல்லிய என்ற அடையோடு ஆளலாம். இவற்றுள் பல அடுக்கி ஒலிக்கும் சொற்கள். சலசல, முணுமுணு போன்றவை பிரிந்து பொருள் தராத இரட்டைக்கிளவிகள் என்பதைத் தொல்காப்பியம் தெளிவாக விதித்திருக்கிறது. முர்முர் என்ற இலத்தீன் வடிவமும் அதே முறையில் அடுக்கிப் பிறந்ததுதான்.

அரங்கில் கூடியிருப்போர் ஒரே நேரத்தில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதற்குச் சலசலப்பு என்பது நாளிதழ்களில் நிலைத்த சொல். ஆனால் அதில் பரபரப்பும் ஏறியிருக்கிறது. ஆமோதிக்கும் மர்மரைச் சலசலப்பு என்றால் ஏதோ குழப்பம் நேர்ந்ததாகத் தோன்றும். ஆமோதிப்புக் குரல்கள் மெல்ல எழுந்தன என்று விரித்தெழுதலாம்.

ஊருக்குள் இன்னும் வெளிப்படாத மர்மருக்குச் சங்க இலக்கியம் ஒரு தனிச் சொல்லையே வைத்திருக்கிறது. தலைவன் தலைவியின் காதலைப் பற்றி ஊரார் சொல்லாமல் சொல்லித் தமக்குள் குறிப்பாகப் பேசிக்கொள்ளும் நிலை அம்பல். அது எல்லாரும் அறியப் பரவிவிட்ட நிலை அலர். அரும்புக்கும் மலருக்கும் உள்ள வேறுபாடாக உரைகாரர்கள் இதை விளக்கியிருக்கிறார்கள். அரசியல் செய்தியில் வரும் மர்மர்ஸ் என்பதற்கு அம்பல் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். இன்றைய வாசகருக்குப் பழக்கமில்லாததால் அதை அப்படியே ஆள முடியவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

மொழியியலில் மர்மர் என்றால் என்ன?

குரல்நாண்கள் முழுதும் நெருங்காமல் அதிரும்போது, அவற்றின் இடையே காற்றும் கசிந்து குரலோடு கலந்து வரும். இந்த மூச்சு கலந்த குரலை ஒலியியலார் மர்மர் என்கிறார்கள். பீட்டர் லடஃபோகெட் போன்றோர் இச்சொல்லைப் பரவலாக ஆண்டனர். இந்தி பேசுவோர் பாரத் என்னும் சொல்லின் முதலெழுத்தை ஒலிக்கும்போது பகரத்தோடு சேர்ந்து வரும் மூச்சு இவ்வகையைச் சேர்ந்தது. குஜராத்தியில் இன்னும் நுட்பம்: பன்னிரண்டைக் குறிக்கும் பார் என்பதும், வெளியே என்பதைக் குறிக்கும் பார் என்பதும் உயிரொலியில் மூச்சு கலக்கிறதா இல்லையா என்பதால் மட்டுமே வேறுபடுகின்றன. உலக ஒலியெழுத்து முறையில் எழுத்தின் கீழே இரண்டு புள்ளிகள் இட்டு இதைக் காட்டுவார்கள். தமிழில் பொருள் வேறுபடுத்தும் ஒலியாக இது கிடையாது.

மருத்துவர் குழந்தைக்கு மர்மர் இருப்பதாகச் சொன்னால் என்ன பொருள்?

இந்தச் சொல்லைத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் முதன்முதலில் கேட்பது மருத்துவமனையில்தான். கேட்டதும் அச்சம் கொள்வதும் அங்கேதான். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதய வால்வுகள் மூடும்போது எழும் லப், டப் என்ற இரண்டு ஒலிகளே இயல்பாகக் கேட்பவை. அவற்றின் இடைவெளியில் அமைதி இருக்க வேண்டும். இரத்தம் சீராக ஓடாமல் சுழன்று கலங்கி ஓடினால் அந்த இடைவெளியில் ஊதுவதுபோலவோ உருள்வதுபோலவோ ஓர் ஒலி எழும், அதுவே மர்மர். தமிழ் மருத்துவ நூல்கள் இதய முணுமுணுப்பு என்று இதைக் குறிக்கின்றன. பாரிசில் ரெனே லென்னெக் 1816இல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டு, பின்னர் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கினார். இதய ஒலிகளை நுணுகி வகைப்படுத்தும் மரபு அதன்பின் விரைந்து வளர்ந்தது.

மர்மர் என்பது நோயின் பெயரன்று. கேட்கப்பட்ட ஓர் ஒலியின் பெயர். காய்ச்சலாலும் இரத்தசோகையாலும் கருவுற்றிருப்பதாலும் இரத்த ஓட்டம் விரையும்போது நலமான இதயத்திலும் அது கேட்கலாம். குழந்தைகளிடம் தீங்கற்ற மர்மர் மிகவும் இயல்பானது. ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1909இல் விவரித்ததும், இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுவதுமான மர்மர், நரம்பை மீட்டியது போன்ற இசைத்தன்மை உடையது, குழந்தை எழுந்து நின்றால் பெரும்பாலும் தணிந்துவிடும். மறுபுறம், வால்வு சுருங்கியிருத்தல், சரியாக மூடாமல் கசிதல், பிறவியிலேயே இதயச் சுவரில் துளை இருத்தல் ஆகியவையும் மர்மரை உண்டாக்கும். வாதக் காய்ச்சலால் வால்வு கெடுவது நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை.

மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் பல இடங்களில் மாற்றி மாற்றி வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒலி எங்கே உரத்துக் கேட்கிறது, கழுத்தை நோக்கிப் பரவுகிறதா, அக்குளை நோக்கிப் பரவுகிறதா என்பதிலிருந்து எந்த வால்வில் குறை என்று அவர் ஊகிக்கிறார். இதயம் சுருங்கும்போது கேட்கிறதா, விரியும்போது கேட்கிறதா என்பதும் முக்கியம். விரியும்போது கேட்பதைப் பெரும்பாலும் தீங்கற்றதாகக் கொள்ள முடியாது. 1933 முதல் லெவைன் அளவுகோலின்படி ஒலியின் வலிமை 6 படிகளாகப் பிரிக்கப்படுகிறது. 1ஆம் படி, கூர்ந்து கேட்டால்தான் தெரியும். 4ஆம் படி முதல் மார்பில் கைவைத்தாலே அதிர்வு தட்டுப்படும். 6ஆம் படியில் ஸ்டெதஸ்கோப் மார்பைத் தொடாமல் இருந்தாலும் கேட்கும். படி கூடினால் நோய் கூடுதல் என்று நேர்க்கணக்கும் போட முடியாது. சிறு துளை உரத்து ஒலிக்கும். பெருந்துளை அடங்கி ஒலிக்கலாம்.

எனவே மருத்துவர் மர்மர் கேட்கிறது, எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை) எடுத்துப் பாருங்கள் என்று சொன்னால், காரணம் இனிமேல்தான் தெரியவேண்டும் என்று பொருள். குழந்தை பால் குடிக்கும்போது மூச்சுத் திணறி வியர்த்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எடை ஏறாமல் இருந்தாலோ, பெரியவர்களுக்கு மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தாலோ அந்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

மர்மரேஷன் என்ற சொல் எதைக் குறிக்கிறது?

ஸ்டார்லிங் பறவைகளின் பெருங்கூட்டத்தைக் குறிக்கும் பழைய சொல் இது. 1486இல் இங்கிலாந்தில் அச்சான செயின்ட் ஆல்பன்ஸ் நூலின் கூட்டப்பெயர்ப் பட்டியலிலேயே இடம்பெற்றிருக்கிறது. பல்லாயிரம் பறவைகளின் சிறகோசையும் குரலும் கலந்த ஒலியே பெயருக்குக் காரணம் என்பது பொதுக் கருத்து. இன்றோ பெரும்பாலோர், மாலை வானில் அக்கூட்டம் சுருங்கியும் விரிந்தும் வடிவம் மாறிப் பறக்கும் காட்சியையே இச்சொல்லால் குறிக்கிறார்கள். ஒலியின் பெயர் கண்ணால் காண்பதற்கு இடம்பெயர்ந்துவிட்டது. ரோம் நகரில் இக்கூட்டங்களைப் படமெடுத்து ஆராய்ந்த இத்தாலிய அறிவியலார், ஒவ்வொரு பறவையும் தனக்கு அருகிலுள்ள ஆறேழு பறவைகளை மட்டுமே கவனித்துப் பறப்பதாக 2008இல் வெளியிட்டார்கள். குளிர்காலத்தில் தமிழகத்துக்கு வலசை வரும் சூறைக்குருவியும் ஸ்டார்லிங் இனமே என்பதால், குளங்களின் மேல் அந்தக் காட்சியை இங்கும் காண முடிகிறது.

கணினித் துறையில் வரும் மர்மர்ஹாஷ் இதே சொல்தானா?

எழுத்தளவில் மட்டும். எந்தத் தரவையும் ஒரு குறுகிய எண்ணாகச் சுருக்க ஆஸ்டின் ஆப்பிள்பி 2008இல் உருவாக்கிய அந்தக் கணக்கீட்டு முறைக்கு, அதில் மாறிமாறி வரும் பெருக்கல், சுழற்றல் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து பெயர் அமைந்தது. தரவை விரைந்து பகிர்ந்து வைக்க அது பயன்படும். கடவுச்சொல்லைக் காக்க அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஆங்கிலத்தில் எழுதும்போது இச்சொல்லை எங்கே தவிர்க்க வேண்டும்?

அலுவலகக் கடிதத்திலும் கூட்டக் குறிப்பிலும் தவிர்ப்பதே நல்லது. ஓர் உறுப்பினர் மர்மர் செய்தார் என்று எழுதினால், அவர் முறையாகச் சொன்ன மாற்றுக்கருத்தை வாய்க்குள் பேசியதாகச் சிறுமைப்படுத்தியது போலாகும். அவர் மறுப்புத் தெரிவித்தார் என்றே பதிய வேண்டும். கதையிலும் உரையாடல்தோறும் இதைத் தூவ வேண்டியதில்லை. பாத்திரம் உண்மையிலேயே குரலைத் தாழ்த்துகிறது, அதற்குக் கதைக்குள் ஒரு காரணமும் இருக்கிறது என்றால் மட்டும் எழுதலாம். மற்ற இடங்களில் சொன்னாள் என்பதற்குரிய எளிய ஆங்கில வினையே போதும்.